பிக்கப்பைத் தாழ்த்திய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தாழ்த்திய பிக்கப் ஒன்று பட்டறைக்கு வந்தால் கூடவே வருகிற புகார் பெரும்பாலும் இதுதான்: "தூக்கித் தூக்கிப் போடுதுண்ணே, ஸ்பிரிங்கை மாத்திருவோமா?" அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். வண்டியைத் தாழ்த்தும்போது ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே உள்ள இடைவெளி குறைகிறது. சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்கு அந்த இடைவெளியை விட்டால் வேறு இடம் கிடையாது. அது போய்விட்டால் எவ்வளவு விலை கொடுத்து ஸ்பிரிங் வாங்கிப் போட்டாலும் அடி முதுகுக்குத்தான். தாழ்த்திய வண்டியில் சொகுசைத் திரும்பக் கொண்டுவருவதில் முக்கால்வாசி வேலை, மிச்சம் இருக்கிற அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான்.

நம் ராமநாதபுரம் பக்கம் தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி கீழக்கரை, சாயல்குடி வரை வண்டியைத் தாழ்த்துகிறவர்களில் பாதிப் பேர் மீன் பெட்டியையும் ஐஸையும் ஏற்றி இறக்கத் தோதாகத் தொட்டி உயரத்தைக் குறைக்க நினைப்பவர்கள். மற்றவர்கள் பழைய பிக்கப்பை வாங்கி, லோடு ஏற்றாமல் சொந்த வண்டியாக ஓட்டுபவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் வரும் கோளாறு ஒன்றே, ஆனால் தீர்வு வேறு. லோடு ஏற்றுகிற வண்டியை நான் ஒன்றரை இன்ச்சுக்கு மேல் இறக்கச் சொல்வதில்லை. வெறும் வண்டியாக ஓடுவதற்கு இரண்டு இன்ச் வரை தாராளமாகப் போகலாம்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

சமதளமான சிமெண்ட் தரையில் வெறும் வண்டியை நிறுத்துங்கள். டேப்பை வைத்து நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பின்னால் குனிந்து, ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேஸில் இருக்கிற ரப்பர் கட்டையைப் பாருங்கள். அதுதான் பம்ப் ஸ்டாப். அந்த ரப்பருக்கும் அது போய் மோதும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளங்கள். கீழே வரும் எல்லாச் சோதனைக்கும் இந்த ஆறு எண்களும் வேண்டும்.

பின்பக்க ஸ்பிரிங் பட்டை, அதாவது இலை இலையாக அடுக்கிய இரும்புத் தகடுகள், ஆக்ஸிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதா, கீழே தொங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிக்கப்பில் மேலேதான் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தால் வண்டி உயரும், இறங்காது. பட்டை கீழே இருக்கிற வண்டியில்தான் கட்டை வைத்து இறக்க முடியும். மேலே இருக்கிற வண்டியை இறக்குவதற்கு ஷேக்கிளை (பட்டை முனையைச் சேஸோடு கோக்கிற ஆடும் இணைப்பு) மாற்ற வேண்டும், அல்லது பட்டையின் வளைவைக் குறைக்க வேண்டும், அல்லது ஆக்ஸிலைப் பட்டைக்கு மேலே மாற்றிப் பூட்ட வேண்டும். உங்கள் வண்டியில் இவற்றில் எது நடந்திருக்கிறது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

இன்னொன்று, வண்டிக்கு அடியில் படுக்குமுன் ஸ்டாண்டு போடுங்கள். மணல் தரையில் ஜாக்கி ஒரு பக்கமாக இறங்கும். சிமெண்ட் தரை இல்லையென்றால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வைத்தே ஆக வேண்டும்.

## அறிகுறி: பள்ளத்தில், வேகத்தடையில் "டங்" என்று அடிக்கிறது

அதிகம் வருவது இதுதான். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் பின்னால் அடித்தால் கோளாறு முற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழக்கரையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்த ஒரு பெரியவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "காக்கா, பெட்டி ஏத்துனா மட்டும் அடிக்குதா, வெறும் வண்டியிலயும் அடிக்குதா?" என்பதுதான் (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்). "லோடு ஏத்துனா மட்டும்தான் தம்பி" என்றார். வேலை பாதி குறைந்துவிட்டது. நீங்களும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

சுண்ணாம்புச் சோதனை. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கெட்டியாகக் குழைத்து, பம்ப் ஸ்டாப் ரப்பரின் முனையில் தடவுங்கள். வழக்கமாக அடிக்கிற ரோட்டில் ஒரு நடை போய் வாருங்கள். பிறகு ரப்பர் மோதும் இடத்தைப் பாருங்கள்.

*வெள்ளைத் தடம் விழுந்திருந்தால்* ரப்பர் மோதுகிறது. தடம் ஒரு பொட்டு அளவுக்கு இருந்தால் மெல்லத்தான் தொட்டிருக்கிறது. ரப்பரின் முழு அகலத்துக்கும் பரவி, சுற்றிலும் தெறித்திருந்தால் முழு எடையோடு அடித்திருக்கிறது. இதற்குச் செலவு குறைந்ததிலிருந்து பாருங்கள்:

ரப்பர் பழையதாகி வெடித்து இறுகியிருந்தால் புதிது போடுங்கள். கடல் காற்றில் இது சீக்கிரமே இறுகிவிடும். இறுகிய ரப்பர் இரும்பு மாதிரியே அடிக்கும்.

ரப்பர் நன்றாக இருந்து, வெறும் வண்டியில் இடைவெளி இரண்டு இன்ச்சுக்குக் குறைவாக இருந்தால், உயரம் குறைந்த பம்ப் ஸ்டாப் போடலாம். இருக்கிற ரப்பரின் முனையைக் கத்தியால் அரை இன்ச் அறுப்பதும் உண்டு. ஆனால் முழுவதும் கழற்றிப் போடுவதை மட்டும் செய்யவே கூடாது. அந்த ரப்பர் இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் மோதும். ஆக்ஸில் ஹவுசிங் வளையும், சேஸில் விரிசல் விழும். "சத்தம் வருது, கழட்டிட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

லோடு ஏற்றினால் மட்டும் அடித்தால், பட்டையில் எத்தனை இலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வண்டியை இறக்குவதற்காக ஒன்றிரண்டு இலையை உருவியிருப்பார்கள். வெறும் வண்டியில் அது மெத்தென்று இருக்கும், அதனால் ஓட்டிப் பார்த்தவுடன் பிடித்துப்போகும். ஐஸ் போட்ட பெட்டி ஏறியதும் பட்டை நேராகி ரப்பரில் போய் உட்கார்ந்துவிடும். உருவிய இலையைத் திரும்பப் போட்டு, வேறு வழியில் இறக்குவதே சரி. ஷேக்கிளை மாற்றி இறக்கினால் பட்டையின் பலம் அப்படியே இருக்கும். ஷேக்கிள் முனையில் இரண்டு இன்ச் மாறினால் ஆக்ஸில் நடுவில் ஏறக்குறைய ஒரு இன்ச்தான் இறங்கும், அந்தக் கணக்கில் வாங்குங்கள்.

*தடம் விழவில்லை, ஆனாலும் அடிக்கிறது என்றால்* சந்தேகம் ஷாக் அப்சார்பர் மேல் போக வேண்டும். கம்பெனி ஷாக் பழைய உயரத்துக்குச் செய்தது. வண்டி இரண்டு இன்ச் இறங்கினால் ஷாக்கும் அந்த அளவுக்கு உள்ளே போய்த்தான் நிற்கிறது. பள்ளத்தில் விழும்போது பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் போய் முட்டும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு ஒன்று போதும். வண்டி தரையில் நிற்கும்போது ஷாக்கின் மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை அளங்கள். அதில் பம்ப் ஸ்டாப் இடைவெளியைக் கழியுங்கள். பிறகு ஷாக்கின் கீழ்ப்பக்கத்தைக் கழற்றி, முழுவதும் அமுக்கி, அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளங்கள். எடுத்துக்காட்டுக்கு, நிற்கும்போது 400 மில்லிமீட்டர், இடைவெளி 60 என்றால் மிச்சம் 340. அமுக்கிய ஷாக் 350 இருந்தால் ரப்பருக்கு 10 மில்லிமீட்டர் முன்னாலேயே ஷாக் முட்டுகிறது. அமுக்கிய அளவு 340க்கு நன்றாகக் கீழே, ஒரு 15, 20 மில்லிமீட்டர் குறைவாக வரும்படி நீளம் குறைந்த ஷாக் வாங்க வேண்டும். ஷாக் சாய்வாகப் பூட்டியிருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனாலும் எந்தப் பக்கம் தவறு என்று தெரிந்துவிடும்.

எப்போது நிறுத்த வேண்டும்: ரப்பரும் ஷாக்கும் சரி, இலையும் குறையவில்லை, ஆனாலும் இடம் போதவில்லை என்றால் அடுத்தது சேஸில் ஆக்ஸிலுக்கு மேலே வெட்டி, வளைவாகத் தகடு வைத்துப் பற்றவைக்கிற வேலை. அதைத் தெருவோர வெல்டிங்கில் செய்யக் கூடாது. லோடு வண்டியாக இருந்தால் அதைச் செய்யவே வேண்டாம், வண்டியை ஒரு இன்ச் ஏற்றிவிடுங்கள்.

## அறிகுறி: அடிக்கவில்லை, ஆனால் சின்ன மேடுகூட உடம்பில் ஏறுகிறது

முதலில் டயர் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அட்டையில் வெறும் வண்டிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என்று இரண்டு அளவு இருக்கும். லோடு அளவு காற்றோடு வெறும் வண்டியை ஓட்டிவிட்டு ஸ்பிரிங்கைக் குறை சொல்பவர்கள் நிறைய. சின்னப் பக்கவாட்டு உயரம் கொண்ட டயருக்கு மாறியிருந்தால் அதுவும் ஒரு காரணம். அந்த ரப்பர் உயரமே ஒரு ஸ்பிரிங்தான்.

காற்று சரியா? அடுத்தது புஷ். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் யாரும் செய்வதில்லை. பட்டையின் இரு முனையிலும் ஷேக்கிளிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. வேலை செய்யும்போது வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுவதும் முறுக்கிவிடுவார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு அசைவையும் அது எதிர்த்துக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். சரிசெய்வது எளிது. வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும்போது அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, தொட்டியில் ஏறி நின்று நாலைந்து முறை குதித்து, மறுபடி முறுக்குங்கள். பல வண்டிகள் இதோடு சரியாகிவிடும்.

புஷ்ஷும் சரி என்றால் பட்டையைப் பாருங்கள். இங்கேதான் நம் ஊர் வேலையைக் காட்டும். மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டி ஓட்டை வழியாக நேராகப் பின் பட்டையில்தான் சொட்டுகிறது. இலைக்கும் இலைக்கும் நடுவே துரு பிடித்து, பருத்து, ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். இலைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கினால்தான் பட்டை வளையும். துரு இறுகினால் ஐந்து இலையும் ஒரே கட்டியாக நிற்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். இலைகளுக்கு நடுவே கோடு நேராக இல்லாமல் காவி நிறத்தில் பொருக்குத் தள்ளிக்கொண்டு, கிளிப் இருக்கிற இடத்தில் பிதுங்கியிருந்தால் இதுதான் கோளாறு.

மேலே எண்ணெய் ஊற்றினால் ஒரு வாரம் தாங்கும். மணல் ஒட்டிக்கொண்டு பிறகு முன்பைவிட மோசமாகும். பட்டையை இறக்கி, இலை இலையாகப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவி, முனையில் வைக்கும் பிளாஸ்டிக் திண்டு தேய்ந்திருந்தால் மாற்றிப் பூட்ட வேண்டும். ஸ்பிரிங் பட்டை வேலை மட்டும் செய்கிற பட்டறையில் கொடுப்பது நல்லது. இலைகளை நடுவில் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டைக் கழற்றும்போது பட்டை விசையோடு விரியும், கிளாம்ப் இல்லாமல் வீட்டில் செய்தால் கை போகும். துரு தின்று இலை மெலிந்திருந்தாலோ, குறுக்கே மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அந்த இலையைத் திரும்பப் போடாதீர்கள்.

முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டி, உதாரணமாக இசுசு டி-மேக்ஸ், முன்னால் மட்டும் இப்படிக் குலுக்கினால் சுருளை அறுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு சுற்று அறுத்தால் ஸ்பிரிங் இறுகும், மென்மையாகாது. அறுத்த முனை தன் இடத்தில் சரியாக உட்காரவும் செய்யாது. நெருப்பு வைத்து இறக்கியிருந்தால் சுருளில் நீலமும் கறுப்புமாக நிறம் மாறியிருக்கும். அந்த ஸ்பிரிங்கின் உரம் போய்விட்டது, நாளாக நாளாக இன்னும் இறங்கும். இரண்டுக்கும் பரிகாரம் கிடையாது, இறக்குவதற்கென்றே செய்த சுருளை வாங்குவதுதான் வழி.

## அறிகுறி: வண்டி ஆடினால் ஆட்டம் நிற்க மறுக்கிறது

ஒரு மூலையை அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய்க் கசிவும் அதில் ஒட்டிய மணலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடியில் முட்டி முட்டி உள்ளே வால்வு உடைந்த ஷாக் இப்படித்தான் முடியும். அதனால் மேலே சொன்ன நீளக் கணக்கைப் போடாமல் அதே அளவில் புதிது வாங்கினால் அதுவும் இப்படியே போகும்.

மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் கச்சான் காற்றில் பின்பக்கம் மட்டும் தனியே நடப்பது போலத் தெரிந்தால், ஷாக்கை விட்டுவிட்டு அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: வண்டி கோணலாக ஓடுகிறது, ஒரு பக்கம் சாய்கிறது

இது ஆபத்தானது. பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பின்னால் வருகிற ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நேர் ரோட்டில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தடத்தில் போகிறதா? போகவில்லையென்றால் ஆக்ஸில் பட்டை மேல் நகர்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை டேப்பை வைத்து அளங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். இரண்டு பக்கத்துக்கும் கால் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் உறுதி.

காரணம் பெரும்பாலும் பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற யு போல்ட். இலையை உருவினால் பட்டைக் கட்டின் தடிமன் குறையும். பழைய யு போல்ட்டின் மரை அதற்குக் கீழே வரை வெட்டியிருக்காது. நட்டு மரை முடியும் இடத்தில் போய் முட்டி நிற்கும். ஸ்பேனருக்கு இறுகியது போலத்தான் இருக்கும், ஆனால் பட்டை பிடிபடாமல் இருக்கும். பிரேக் அடிக்கும் ஒவ்வொரு முறையும் முழு விசையையும் நடுவில் இருக்கிற சின்ன சென்டர் போல்ட் தாங்கி, ஒரு நாள் துண்டாகும். யு போல்ட்டில் நட்டுக்கு உள்பக்கம் மரை மிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கட்டும்.

புது யு போல்ட், புது சென்டர் போல்ட், கம்பெனிப் புத்தகத்தில் உள்ள டார்க் அளவு (முறுக்க வேண்டிய விசை), இந்த மூன்றும் இல்லாமல் பூட்டாதீர்கள். கழற்றிய யு போல்ட்டைத் திரும்பப் போடுவது நம் பக்கம் பழக்கம். ஒரு முறை இழுத்து முறுக்கிய கம்பி நீண்டிருக்கும், அதன் மேல் உப்புத் துருவும் சேர்ந்தால் நம்பக் கூடாது. பூட்டிய பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும்.

சக்கரம் நேராக இருந்து, வண்டி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தால் நீங்கள் எழுதிவைத்த மட்கார்டு அளவைப் பாருங்கள். ஒரு பக்கப் பட்டையில் மட்டும் இலை உடைந்திருக்கலாம். உடைந்த இலை பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில்தான் முறியும், யு போல்ட் தகட்டுக்குள் மறைந்திருக்கும். டார்ச் இல்லாமல் தெரியாது. டார்ஷன் பார் (முன்னால் சுருளுக்குப் பதிலாக முறுக்குக் கம்பி) வண்டியில் முன்பக்கம் சாய்ந்தால் இரண்டு பக்கத் திருகையும் சமமாக முறுக்கவில்லை என்று அர்த்தம்.

## அறிகுறி: வேகமெடுக்கும்போது தரையிலிருந்து அதிர்வு வருகிறது

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, 60ஐத் தாண்டும்போது தரைத்தகடு நடுங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் குறையும், மிதித்தால் கூடும். மிதிப்பதோடு அதிர்வு மாறவில்லை, வேகத்தோடு மட்டும் மாறுகிறது என்றால் வீல் பேலன்ஸ் செய்யுங்கள், ரிம்முக்குள் ஒட்டியிருக்கிற சேற்றைக் கழுவுங்கள். அங்கேயே முடிந்துவிடும்.

மிதிப்பதோடு மாறினால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) பக்கம் போக வேண்டும். அதன் முனை மூட்டான யூஜே கிராஸை இரண்டு பக்கமும் பிடித்துத் திருகி ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவில் உள்ள பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால், பின் ஆக்ஸிலின் நடுவே ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரென்ஷியல் மூக்கின் சாய்வு மாறியிருக்கிறது. ஷேக்கிளை மாற்றும்போதோ ஆக்ஸிலை மாற்றிப் பூட்டும்போதோ ஆக்ஸில் கொஞ்சம் சுழன்றுவிடும்.

போனில் சாய்வு காட்டும் ஆப் ஒன்று இறக்கிக்கொள்ளுங்கள். வெறும் வண்டியில் கியர்பாக்ஸ் பின் முனையிலும் டிஃபரென்ஷியல் முன் தட்டிலும் வைத்து அளங்கள். ஒற்றை ஷாஃப்ட் வண்டியில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக வர வேண்டும். பட்டை வண்டியில் மூக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே பார்த்தால் நல்லது, மிதிக்கும்போது அது தானே மேலே வரும். வித்தியாசத்தைப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். இரும்பு ஆப்பாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினிய ஆப்பு லோடில் பிளக்கும், இரும்போடு சேர்ந்து உப்புக் காற்றில் பொடிப் பொடியாக அரிக்கும். ஆப்பு எத்தனை டிகிரி என்று தெரிந்தபின் பூட்டுவதை மெக்கானிக்கிடம் விடுங்கள், பட்டையை மறுபடி பிரிக்க வேண்டும்.

## அறிகுறி: பிரேக் அடித்தால் பின் சக்கரம் வழுக்குகிறது

தாழ்த்திய வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏபிஎஸ் இல்லாத பல பிக்கப்பில் சேஸில் ஒரு வால்வும், அதிலிருந்து ஆக்ஸிலுக்கு ஒரு கம்பியும் இருக்கும். லோடு ஏறி வண்டி தாழும்போது அந்தக் கம்பி அசைந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். நீங்கள் வண்டியைத் தாழ்த்திவிட்டால் அந்த வால்வுக்கு லோடு ஏறிவிட்டது என்று கணக்கு. வெறும் வண்டியிலும் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வால் சுற்றும். தனுஷ்கோடி ரோட்டில் காற்று மணலை வாரிப் போட்டிருக்கும் இடத்தில் பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டயர் தேய்ந்திருக்கிறதா, ஒரு பக்க லைனிங்கில் கிரீஸ் பட்டிருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்க்கலாம். இரண்டும் இல்லையென்றால் உடனே மெக்கானிக். கம்பியின் நீளத்தை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைத்து, கேஜ் போட்டு அழுத்தம் பார்க்க வேண்டும். கம்பியைக் கழற்றிக் கட்டிவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் லோடு ஏற்றும்போது பின் பிரேக் குறைந்துபோகும்.

## அறிகுறி: முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது

அலைன்மென்ட். முன்பக்கத்தை இறக்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டோவும் (சக்கரத்தின் முன்புறம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். இறக்கிய அன்றே போகாமல், வண்டி ஒரு வாரம் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்தபின் போங்கள். சாய்வைச் சரிசெய்ய இடம் போதவில்லை என்று அலைன்மென்ட் கடையில் சொன்னால், அது அதிகம் இறக்கியதற்கான சாட்சி.

## அறிகுறி: எதிரே வருகிறவர்கள் லைட்டைத் தட்டுகிறார்கள்

பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன் லைட் வானத்தைப் பார்க்கும். லைட்டுக்குப் பின்னால் உள்ள திருகைச் சுவரைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. இரவில் லோடு எடுக்கப் போகும் வண்டிக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது.

## காகித வேலையும் நாள் பார்ப்பதும்

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. சேஸை வெட்டுவதும் ஆக்ஸிலை இடம் மாற்றுவதும் இதில் நேராக மாட்டும். லோடு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருடாவருடமும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. எதையும் வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்துவிடுங்கள்.

மீன் வண்டிக்காரர்களுக்கு வேலையைச் செய்ய நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. வண்டி எப்படியும் சும்மாதான் நிற்கும். ஆனால் கழுவாமல் நிறுத்தினால் அந்த 61 நாளும் உப்பு பட்டையைத் தின்னும். நிறுத்துமுன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நம்மூரில் பல இடத்தில் போர் தண்ணீரே கரிக்கும், அதில் கழுவிப் பயனில்லை. இரண்டு குடம் குடிதண்ணீர் செலவானாலும் பரவாயில்லை, பட்டை, யு போல்ட், ஷேக்கிள் இந்த மூன்றுக்கும் அதை ஊற்றுங்கள். காய்ந்ததும் யு போல்ட் மரையில் கிரீஸ் பூசுங்கள். தொட்டி ஓட்டையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, ஐஸ் தண்ணீர் பட்டையில் படாமல் தள்ளி விழும்படி திருப்பிவிடுங்கள்.